எட்டாத இடத்து நட்டு

எந்த எஞ்சினிலும் கைக்கு எட்டாத நட்டு ஒன்று இருக்கும். எட்டுகிற நட்டுகளை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. சித்தூரில் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் நான் முடுக்கிய நட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். எழுதப் படிக்க நான் எட்டாவது வரைக்கும்தான். தப்பு இருந்தால் உங்கம்மா திருத்துவாள், கவலையில்லை.

அப்போது நம் ஜில்லா மெட்ராஸ் ராஜதானியில் சேர்ந்திருந்தது. சித்தூரில் நம் சபைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ஜெர்மன் சண்டையில் ஓடிய வண்டி என்பார்கள். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப் போனது. பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற மாதிரி தொட்டி ஒன்று சேர்த்திருக்கும். அதனால் பஜாரில் அதற்குத் தொட்டி வண்டி என்றே பெயர். புதிய பாதிரியாருக்கு அதைக் கண்டாலே பயம். ஓட்டவும் பழுது பார்க்கவும் என்னிடமே விட்டுவிட்டார்.

அந்த வண்டியின் சிலிண்டர் நாலு நட்டில் உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டும் லட்டு மாதிரி கைக்கு வரும். பின்னால் தொட்டிப் பக்கம் இருக்கிறது கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் வரும். நாலாவது இருக்கிறதே, அது சிலிண்டருக்கும், தீப்பொறி தருகிற மேக்னட்டுக்கும் நடுவில் பொந்துக்குள் இருந்தது. தொட்டிப் பக்கத்திலிருந்துதான் கை நுழையும். கை நுழைந்துவிட்டால் கண் நுழையாது. கண்ணால் பார்க்க வேண்டுமானால் வண்டியின் அந்தப் பக்கம் போய்க் குனிய வேண்டும். அங்கிருந்து கை போகாது. செய்தவன் ஏதோ கோபத்தில் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கென்றே ஒரு ஸ்பேனரை உலையில் பழுக்க வைத்து வளைத்து, வாயை அரத்தால் ராவி, தனியாக வைத்திருந்தேன்.

இப்போது உங்கம்மா விஷயம். கல்யாணமாகி வந்த புதிதில் நான் சித்தூரில், அவள் வெதுருகுப்பத்திலேயே தங்கி அங்கே சபைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். டிரெயினிங் முடித்து, எழுத்துப் பரீட்சையும் பாஸ். பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்திக் காட்டுகிற பரீட்சை ஒன்றுதான் பாக்கி. முதல் தடவை அது வந்தபோது மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த வருஷம் சர்க்கார் உத்தரவு கண்டிப்பாக வந்தது, முழு சர்டிபிகேட் இல்லாதவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று. பள்ளிக்கூட மேனேஜர் நல்ல மனுஷர்தான். "இந்தத் தபா விட்டுட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று நேராகவே சொல்லிவிட்டார். பரீட்சை திருப்பதியில், ஒரே நாள். இன்ஸ்பெக்டர் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவார். தெலுங்குப் பிள்ளைகளுக்குத் தெலுங்கில் பாடம் நடத்த வேண்டும். வேலையைவிட அதுதான் அவளுக்குப் பெரிய பயம். பேசுகிற தெலுங்கு நம் எல்லோருக்கும் வரும். மேடைத் தெலுங்கு வேறே.

வெதுருகுப்பத்துக்கு ரயில் கிடையாது. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் பாதிரியாரிடம் கேட்டு, தொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு முந்தின நாளே போய்விட்டேன். காலையில் வெளுத்து வந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு தொட்டிக்குள் ஏறினாள்.

"மெதுவா ஓட்டுங்க. சேறு அடிச்சா இந்தச் சேலைக்கு மாத்துச் சேலை இல்ல."

"மெதுவா ஓட்டினா பரீட்சை போயிடும்."

"அப்ப வேகமா ஓட்டுங்க, சேறு மட்டும் வேணா."

கல் ரோடு. கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் அடியில் புஸ் புஸ் என்று பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். சத்தம் எங்கே வருகிறது என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனதும் இழுவை குறைந்து, எண்ணெய் என் பூட்ஸில் வந்து அடித்தது. அப்படியே ஓட்டினால் சிலிண்டர் ஆடி ஆடி அடிப்பாகமே விரிந்துபோகும். நிறுத்தினேன்.

நிறுத்தின இடம் ஒரு கரும்பாலை. மாடு சுற்றி வர, கரும்பு நசுங்கி, பெரிய இரும்புக் கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. கொப்பரை எதிரில் நீளமான துடுப்போடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். வீட்டுக்காரர் வெல்ல மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தாராம். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள் இருக்கும். தெலுங்குக்காரி. உங்கம்மாவின் பேச்சைக் கேட்டதும் மரியாதைக்குத் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

"ஏமைந்தி நாயனா? வண்டிக்கு ஒடம்பு சரியில்லயா?"

"ஆமாக்கா. ஒரு நட்டு கழண்டுபோச்சி."

"இந்த அம்மாயி வெயில்ல நிக்கிது பாரு. நீ ராம்மா, நிழல்ல கூச்சோ." உங்கம்மாவைக் கூரை நிழலில் உட்கார வைத்துவிட்டு, "உன் மொகுடு வண்டியப் பாக்கிற பார்வைய உன்ன ஒரு நாளாவது பாத்திருப்பாரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். உங்கம்மா அந்த அவசரத்திலும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பொந்துக்குள் விரலை விட்டதும் நட்டு மரையை விட்டுக் கழன்று கைக்கே வந்துவிட்டது. நல்லவேளை, வழியில் விழவில்லை. ஆனால் கழன்று வருகிறது சுலபம், திரும்ப ஏறுகிறது சுலபமில்லை. அந்தச் சந்தில் விரலால் நட்டைப் பிடித்து மரையில் உட்கார வைக்க முடியாது. ஸ்பேனரின் வாயிலேயே நட்டை ஒட்ட வைத்து, கரண்டியில் மருந்து ஊட்டுகிற மாதிரி கொண்டுபோக வேண்டும். பட்டறையில் கிரீஸ் தடவி ஒட்டுவேன். இங்கே எஞ்சின் நெருப்பாகக் கொதிக்கிறது. கிரீஸ் உருகி நட்டு வழுக்கி வழுக்கி விழுந்தது.

"மெழுகு இருக்குமாக்கா?"

"மெழுகு எக்கட? பாகு இருக்குது, வேணுமா?" என்று துடுப்பில் ஒட்டியிருந்த பாகை ஒரு குச்சியால் வழித்துக் கொடுத்தாள். பதம் வந்த பாகு. ஆற ஆறக் கல்லாகும் இல்லையா? நட்டு ஸ்பேனர் வாயில் பல்லில் மிட்டாய் ஒட்டின மாதிரி பிடித்துக்கொண்டது. எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தோம். உங்கம்மா பரீட்சையையும் வேலையையும் பற்றி அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டே சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை உள்ளே விட்டேன். அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்க்க ஆள் வேண்டும். உங்கம்மா எழுந்தாள். "நீ வராத, சேலை கெட்டுப்போயிடும்" என்று தடுத்துவிட்டேன். அந்த அம்மாளே வந்து மண்டியிட்டுப் பார்த்தாள்.

நான் கேட்டேன்: "எடம் இருக்குதா பாருக்கா."

"ஆ, எடமே! எடமே!"

எனக்குத் தைரியம் வந்தது. ஸ்பேனர் போக இடம் இருக்கிறதாமே. அழுத்தித் தள்ளினேன். எதிலோ போய் முட்டியது. "டிங்" என்று ஒரு சத்தம். ஸ்பேனரை வெளியே எடுத்தால் வாயில் பாகு மட்டும் இருந்தது. நட்டைக் காணோம். கீழே கணுக்கால் அளவுக்குக் கரும்புச் சக்கை.

"நீதானேக்கா எடம்னு சொன்ன!"

"எடமனே செப்பினேன்! நீ எடமக்கி ராலேதே!"

"எடம் இருக்குதுன்னுதானே தள்ளினேன்!"

"எடம தான் இருக்குது! குடி காது!"

"குடியா? நாங்க சபைக்காரங்கக்கா, குடியெல்லாம் கெடையாது!"

நிழலில் உட்கார்ந்திருந்த உங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள். "ஏங்க, நீங்க கேட்டது ஒண்ணு, அவங்க சொன்னது ஒண்ணு. நீங்க தமிழ்ல எடம் இருக்குதான்னு கேட்டீங்க. அவங்க தெலுங்குல எடமப் பக்கமான்னு கேக்கறீங்கன்னு நெனச்சிக்கினாங்க."

தெலுங்கில் எடம என்றால் இடது கைப் பக்கம், குடி என்றால் வலது கைப் பக்கம், காது என்றால் இல்லை. சித்தூரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். பஜாரில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவன்தான். ஆனால் அந்த அம்மாள் அதுவரை எங்களோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தாளா, என் காதும் தமிழ்க் காதாகவே இருந்துவிட்டது. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கும் தெலுங்கு மட்டும் தெரிந்தவனுக்கும் இந்த வம்பு வந்திருக்காது. இரண்டும் தெரிந்த எங்களுக்குத்தான் வந்தது.

நான் சக்கையைக் கையால் கிளற ஆரம்பித்தேன். அந்த அம்மாள் "தள்ளு, தள்ளு" என்று என்னை விலக்கிவிட்டு, போய் முறத்தை எடுத்து வந்தாள். வண்டிக்கு அடியில் கிடந்த சக்கையை அள்ளி அள்ளி முறத்தில் போட்டு, அரிசி புடைக்கிற மாதிரி புடைத்தாள். சக்கை பறந்தது, தூசி பறந்தது. எத்தனை முறம் புடைத்தாளோ, கடைசியில் முறத்தின் மூலையில் கிலுக் என்று ஒலித்தது. நான் பட்டறையில் தொலைத்த நட்டுகள் ஏராளம். ஒன்றையாவது முறத்தில் புடைத்துத் தேட எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுபடி பாகு வைத்து நட்டை ஒட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கொப்பரை பொங்கியது. அவள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "பாகு இப்ப பதம் தப்பிச்சின்னா மூணு நாள் கரும்பும் வீணு. அம்மாயி, நீயே பாத்து சொல்லும்மா" என்று அங்கிருந்தே கத்தினாள்.

உங்கம்மா ஒரு கோணிப்பையை விரித்து, அந்த வெள்ளைச் சேலையோடு அதில் மண்டியிட்டாள்.

"இனிமே எடமும் வேணா, குடியும் வேணா. எனக்கு எடம்னா உங்களுக்கு வலம், எதிர எதிர ஒக்காந்துகினு இருக்கோம். ரோட்டுப் பக்கம், கொப்பரைப் பக்கம், மேல, கீழ. இந்த நாலு வார்த்தைதான், புரியுதா?"

"இது எங்கிருந்து கத்துக்கின?"

"சின்னக் கிளாசுல ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்னுதான் சொல்லணும். இல்லன்னா பாதிப் பிள்ளைங்க அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரும். உள்ள விடுங்க."

நான் ஸ்பேனரை உள்ளே விட்டேன்.

"கொப்பரைப் பக்கம்... இன்னும்... போதும். மேல."

"எவ்ளோ மேல?"

"ஒரு கொசு ஒசரம். ஆ, நேரா இருக்குது. இப்ப தள்ளுங்க."

தள்ளினேன். நட்டின் வாயும் மரையும் முட்டுகிறது விரலுக்குத் தெரிந்தது. மெல்ல ஒரு திருகு. பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷம் நான் மூச்சு விட்டது கொப்பரைக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம் வேலை பொறுமை வேலை. அந்தச் சந்தில் ஸ்பேனர் நகருகிறது ஒரு விரற்கடைதான். நகர்த்தி, வெளியே எடுத்து, கவிழ்த்துப் போட்டு, திரும்ப உள்ளே விட்டு, மறுபடி ஒரு விரற்கடை. ஸ்பேனர் வாய் கோணலாக இருப்பதால் கவிழ்த்துப் போட்டால் விட்ட இடத்தில் பிடிக்கும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. எனக்கோ மனசெல்லாம் திருப்பதியில் இருந்தது.

நடு நடுவே உங்கம்மா அங்கேயே மண்டியிட்டபடி அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தைத் தெலுங்கில் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். ஈரத் துணி வெயிலில் எப்படிக் காய்கிறது என்கிற பாடம். "குட்ட காகிந்தி" என்று சொல்லி முடிக்கவில்லை, கொப்பரைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"குட்ட காகதம்மா! பாலு காகுதாயி. குட்ட ஆருதுந்தி!"

துணி கொதிக்காதம்மா, பால்தான் கொதிக்கும், துணி ஆறும், அதாவது உலரும் என்று அர்த்தம். தமிழில் துணி காய்கிறது என்கிறோம் இல்லையா, அந்த வாசனையில் உங்கம்மா தெலுங்கில் துணியைக் கொதிக்க வைத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கப்புறம் அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், நான் ஒரு இழுப்பு இழுப்பேன், அந்த அம்மாள் பாகைக் கிளறிக்கொண்டே "சரி" என்பாள், அல்லது "காது காது" என்று திருத்துவாள். பள்ளிக்கூடமும் பட்டறையும் ஆலையும் ஒரே இடத்தில் நடந்தன. பாடம் முடிகிற நேரமும் நட்டு இறுகுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஸ்பேனர் இனி நகராது என்று கை சொல்லியது.

உதைத்தேன். புகை வந்தது. புஸ் சத்தம் இல்லை.

கிளம்பும்போது உங்கம்மா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போ போ. இங்க நின்னு அழாத, பொடவைய வேற கெடுத்துக்கின" என்று அந்த அம்மாள் விரட்டினாள். முழங்காலுக்கு மேலே சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறையும் வெல்லக் கறையும்.

திருப்பதிக்கு முன்னால் சுவர்ணமுகி. தண்ணீர் கணுக்கால் அளவுதான், மணல்தான் ஆளை விழுங்கும். சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. மலைக்குப் போய் மொட்டை போட்டு, நெற்றியில் நாமத்தோடு ஊர் திரும்புகிற கூட்டம் ஒன்று ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. நான் கேட்கக்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "கோவிந்தா, கோவிந்தா" என்று ஒரே குரலில் கத்தி, தொட்டியோடு உங்கம்மாவைத் தூக்கின மாதிரி கரையில் ஏற்றிவிட்டார்கள். உங்கம்மா கை கூப்பினாள். சபையில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்டதற்கு, "கர்த்தர் அனுப்பின ஆளுங்க மொட்டையா இருந்தா இன்னா, குடுமியா இருந்தா இன்னா, வண்டிய ஓட்டுங்க" என்றாள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் பியூன் கதவைப் பாதி சாத்தியிருந்தான். மத்தவர்கள் எல்லாம் நடத்தி முடித்து, கடைசி ஆள் உள்ளே நடத்திக்கொண்டிருந்தாராம். உங்கம்மாவின் சேலையை ஏற இறங்கப் பார்த்தான். "பரீட்சைக்கா வந்தீங்க, கரும்பு நசுக்கவா?" என்றான். ஆனால் கதவைத் திறந்துவிட்டான். அவனுக்கும் என் மனசில் நன்றி உண்டு. சாத்தியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்?

நான் வெளியே வேப்பமரத்தடியில் வண்டி அருகே நின்றேன். உள்ளே நடந்ததெல்லாம் அவள் அப்புறம் சொன்னதுதான். இன்ஸ்பெக்டர் கறையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வெல்ல வாசனைக்கு ஈ மொய்த்தது. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு ஈயைப் பார்த்தார்கள். உங்கம்மா ஈயை விரட்டவில்லை. "கறையைத் துவைத்தால் சேலை ஈரமாகும், ஈரமானால் என்ன செய்வீர்கள்?" என்று அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கிவிட்டாள். துணி ஆறியது. கொதிக்கவில்லை.

வெளியே வந்தவளிடம், "எப்படி?" என்றேன்.

"பசிக்குது."

"பாஸா?"

"அது அவருக்குத்தான் தெரியும். அவர் ஒண்ணும் சொல்லல. எழுதிக்கினே இருந்தார்."

ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லி வாங்கினோம். சாப்பாட்டுக்கு முன்னால் உங்கம்மா எப்போதும் சுருக்கமாக ஜெபம் செய்வாள், உங்களுக்கே தெரியும். அன்றைக்குக் கண்ணை மூடினவள் திறக்கவே இல்லை. பேர் தெரியாத அந்த வெல்லக்கார அம்மாளுக்காக, ஆற்றில் தள்ளினவர்களுக்காக, கதவைத் திறந்த பியூனுக்காக, வண்டியை விட்டுப் போன பாதிரியாருக்காக, கடைசியில் என் கைக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னாள். இட்லி ஆறிப்போனது. பக்கத்து இலைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே சாம்பார் ஊற்றிக்கொண்டார். முடிவு என்னவென்று தெரியாமலே ஒருத்தி இத்தனை நன்றி சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு ஜெபிக்க அவ்வளவு வராது. ஆமென் மட்டும் பலமாகச் சொன்னேன்.

அந்த நட்டு அதற்கப்புறம் கழலவே இல்லை. வெல்லம் சூட்டில் கருகி மரையோடு பற்றிக்கொண்டதில், பிறகொரு தடவை சிலிண்டரைக் கழற்ற வேண்டி வந்தபோது நெருப்புக் காட்டித்தான் எடுத்தேன்.

முடிவு வந்த நாளில் நான் சித்தூரில் பட்டறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நம் சபைக் கோயிலுக்கு வந்தவள் என்னிடம் முதலில் சொல்லவில்லை. "வண்டி எடுங்க" என்று மட்டும் சொன்னாள். நேரே கரும்பாலைக்குப் போனோம். அந்த அம்மாள் தூரத்திலிருந்தே, "மறுபடி கழண்டுதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. பாஸ்."

அவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். உங்கம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். "அப்ப நீ ஊரை விட்டுப் போகல?"

"போகல. அதே பள்ளிக்கூடம்தான்."

"மஞ்சிதி, ரொம்ப நல்லது. சோமவாரம் என் பேத்திங்கள கூட்டிகினு வர்றேன். ரெண்டு பேர். பெரியவ அழுவா, விட்டுடாத."

இரண்டு பேரும் வந்தார்கள். சொன்னது போலவே பெரியவள் அழுதாள். உங்கம்மா அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள்.